இவானோவிச் வெறும் 'கடிபட்ட வீரர்' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து முன்கள வீரர் லூயிஸ் சுவாரஸின் ஆட்ட வாழ்க்கையைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில் லண்டன் செல்சி கிளப்பின் தடுப்பாட்டக்காரராக இருந்த பிரானிஸ்லாவ் இவானோவிச்சின் பெயர் ஒரே ஒரு முறை வருகிறது. அதுவும் 'கடிபட்ட செர்பிய வீரர்' என்று. பக்கத்திலிருந்த பெட்டிச் செய்தி, 2012இல் மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அவர் ஆடியதாகச் சொல்கிறது. அது பிழை, அன்று அவர் மைதானத்தில் இறங்கவே இல்லை. பிழையைத் திருத்துவதோடு, அவர் எப்படிப்பட்ட தடுப்பாட்டக்காரர் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். பின்வரிசையில் ஆடக் கற்கும் பிள்ளைகள் அவருடைய ஆட்டங்களிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் அந்தக் கடி. 2013 ஏப்ரல் 21, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம். சுவாரஸ் லிவர்பூலில், இவானோவிச் செல்சியில். பெனால்டி பகுதிக்குள் இவானோவிச்சின் கையில் சுவாரஸ் பல் பதித்தார். நடுவர் கவனிக்கவில்லை. ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அதே சுவாரஸ் கோல் அடித்து 2-2 எனச் சமன் செய்தார். பிறகு அவருக்குப் பத்து ஆட்டத் தடை வந்தது. இவானோவிச் பழிக்குப் பழி என்று இறங்கவில்லை. மன்னிப்பை ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்த்தார். சரியாக 24 நாட்கள் கழித்து ஓர் ஐரோப்பியக் கோப்பையைத் தன் தலையாலேயே வென்று கொடுத்தார். முதல் செய்தி உலகம் முழுக்கத் தெரிகிறது, இரண்டாவது யாருக்கும் நினைவில்லை என்பதுதான் வருத்தம்.

அவர் பிறந்தது 1984 பிப்ரவரி 22, சாவா நதிக்கரையில் உள்ள ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சா நகரில். சொந்த ஊர்க் கிளப்பான ஸ்ரெமில் தொடங்கி, பெல்கிரேடில் ஓ.எஃப்.கே. அணிக்குப் போனார். ரெட் ஸ்டார், பார்ட்டிசான் என்ற இரண்டு பெரிய கிளப்புகளின் வழியாக வராமலேயே செர்பிய அணியின் தலைவராக உயர்ந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். 2006இல் மாஸ்கோவின் லோகோமோட்டிவ் அவரை வாங்கியது. அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்தவர் இன்னொரு செர்பியர், ஸ்லாவோல்யூப் முஸ்லின். இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும். 2007இல் லோகோமோட்டிவ் ரஷ்யக் கோப்பையை வென்றது.

2008 ஜனவரியில் செல்சி சுமார் 90 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை லண்டனுக்குக் கொண்டுவந்தது. வந்த பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. அந்நாளில் ரஷ்ய லீக் மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடியும். இங்கிலாந்தில் பருவம் பாதி கடந்து எல்லோரும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ரஷ்யாவிலிருந்து வருபவர் ஓய்வுக் காலத்தில் இருப்பார். ஆட்டத்துக்கான உடல் தகுதி பயிற்சி ஓட்டத்தால் மட்டும் வராது; ஆடி ஆடித்தான் வரும். ஜான் டெரியும் ரிக்கார்டோ கார்வாலியோவும் நடுவில் இருக்க, பயிற்சியாளர் அவ்ராம் கிராண்ட் புதியவரை இறக்கத் துணியவில்லை. 2008 செப்டம்பரில், அடுத்த பயிற்சியாளர் ஸ்கொலாரி காலத்தில், லீக் கோப்பையில்தான் முதல் ஆட்டம். அதன் பிறகும் பெரும்பாலும் பெஞ்சுதான்.

எல்லாம் மாறியது 2009 ஏப்ரல் 8 இரவு. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் முதல் சுற்று (இரு அணிகளின் மைதானத்திலும் ஒவ்வொன்றாக நடக்கும் இரண்டு ஆட்டங்களில் முதலாவது), லிவர்பூலின் மைதானம். ஆறாவது நிமிடத்திலேயே ஃபெர்னாண்டோ டோரஸ் லிவர்பூலுக்குக் கோல் அடித்துவிட்டார். 39ஆவது நிமிடத்தில் செல்சியின் மலூடா உதைத்த கார்னர் கிக். இவானோவிச் தலையால் முட்டி 1-1. 62ஆவது நிமிடத்தில் லாம்பார்டின் கார்னர் கிக். மறுபடி அதே தலை, 2-1. ஐந்து நிமிடத்தில் ட்ரோக்பா மூன்றாவதைச் சேர்த்தார். செல்சிக்காக இவானோவிச் அடித்த முதல் கோல்கள் இவைதான்.

இது தற்செயல் அல்ல. பயிற்சியாளர் ரஃபேல் பெனிடெஸின் லிவர்பூல் கார்னர் கிக்கின்போது ஆளுக்கு ஆள் ஒட்டாமல், இடத்தைக் காக்கும் முறையில் நின்றது. கோலுக்கு முன்னால் ஐந்தரை மீட்டர் பெட்டியின் கோட்டை ஒட்டி வீரர்கள் வரிசையாக நிற்பார்கள். தன் எல்லைக்குள் வரும் பந்தை ஒவ்வொருவரும் வெளியேற்ற வேண்டும். இதில் ஒரு நன்மை உண்டு: எதிரணியினர் குறுக்கே ஓடி ஆளை மறைத்து ஏமாற்ற முடியாது. குறை என்னவென்றால், காப்பவர் நின்ற இடத்திலிருந்து குதிக்கிறார். தாக்குபவர் மூன்று நான்கு எட்டு ஓடிவந்து குதிக்கிறார். சம உயரமுள்ள இருவரில் ஓடிவருபவரே மேலே எழுவார். இவானோவிச் ஆறடிக்குச் சற்று மேல்தான், மலைபோல் உயரமானவர் அல்ல. ஆனால் ஓட்டத்தைத் தொடங்கும் நேரத்தைச் சரியாகக் கணித்தார்.

பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். உதைப்பவர் கையைத் தூக்கியதுமே ஓடிவிடுவார்கள். பந்து வரும்போது அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். 68 மீட்டர் அகல மைதானத்தில் கார்னர் கொடியிலிருந்து அருகிலுள்ள கம்பத்துக்கே சுமார் 30 மீட்டர். அவ்வளவு தூரம் பறந்து வர ஒரு நொடிக்கு மேல் ஆகும். பெனால்டி புள்ளிக்கு அருகிலிருந்து புறப்படுபவர், உதைப்பவரின் கால் பந்தைத் தொடும்வரை காத்திருந்தாலே போதும். ஒற்றைக் காலில் உந்தி, கண்ணைத் திறந்தபடி, முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே நெற்றியின் தட்டையான பகுதியால் அடிக்க வேண்டும். உச்சந்தலையில் பட்டால் பந்து மேலே போய்விடும், தலையும் வலிக்கும். சமநிலைக்குக் கைகளை விரிக்கலாம். முழங்கை தோளுக்கு மேலே போனால் நடுவர் விசில் அடிப்பார்.

அடுத்த பருவத்தில் செல்சியின் பயிற்சியாளராகக் கார்லோ அன்செலோட்டி வந்தார். 2009 அக்டோபரில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரர் (ரைட் பேக்) போசிங்வா முழங்கால் காயத்தால் விலக, அந்த இடம் இவானோவிச்சுக்குக் கிடைத்தது. இயல்பில் அவர் சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். அப்படிப்பட்டவரை ஓரத்தில் நிறுத்தினால் அணிக்கு என்ன கிடைக்கும்? பந்து மைதானத்தின் இடது பக்கம் இருக்கும்போது ரைட் பேக் உள்ளே நெருங்கி, தூரத்துக் கம்பத்தைக் காக்க வேண்டும். குள்ளமான, வேகமான ரைட் பேக்குகளை எதிரணிகள் குறிவைப்பது அந்த இடத்தில்தான்: எதிர்ப் பக்கத்திலிருந்து கோல் முன்னால் உயரமாக அனுப்பும் ஒரு பந்து, நெடிய முன்கள வீரர் ஒருவர் பின்னாலிருந்து எழுந்து முட்டுவார். இவானோவிச் நின்றால் அந்தக் கதவு மூடிவிடும். அதோடு கார்னர் கிக், ஃப்ரீ கிக் வேளைகளில் எதிரணியின் கோல் முன்னால் இன்னொரு பலமான தலை கிடைக்கும். அந்த ஆண்டு செல்சி லீக்கில் 103 கோல் அடித்து, பிரீமியர் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்றது. சக வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த அணியில் ரைட் பேக் இடம் இவானோவிச்சுக்கு. மாற்று ஆளாக வந்தவர் அந்த இடத்தை ஏறக்குறைய ஏழாண்டு விடவில்லை.

இனி மியூனிக் விஷயம். 2012 பிப்ரவரியில் சாம்பியன்ஸ் லீக்கில் இத்தாலியின் நபோலியிடம் 3-1 என்று தோற்ற செல்சி, பயிற்சியாளர் வில்லாஸ் போவாஸை நீக்கிவிட்டு, டி மத்தேயோவின் கீழ் மார்ச் 14 அன்று பதில் ஆட்டத்தை ஆடியது. 90 நிமிட முடிவில் 3-1. இரு சுற்றும் சேர்ந்து 4-4. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியப் போகும் தருணத்தில் வலது பக்கத்திலிருந்து ட்ரோக்பா பந்தைக் கோல் முன்னால் தள்ளினார். அங்கே ஓடிவந்து வலது காலால் வலையின் கூரைக்கு அடித்தவர் ரைட் பேக் இவானோவிச். சோர்ந்த கால்களோடு பின்வரிசைக்காரர் 105ஆவது நிமிடத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கலாம். தாக்குதல் முடிவதற்குள் திரும்பிவிடாமல், தடுக்கப்பட்டு மறுபடி வரக்கூடிய பந்துக்காகப் பெனால்டி பகுதிக்குள்ளேயே தங்கியிருந்தார். அந்த ஒரு முடிவு இல்லையென்றால் செல்சிக்கு மியூனிக்கும் இல்லை.

அரையிறுதியின் இரண்டாம் சுற்று, ஏப்ரல் 24, பார்சிலோனாவில். கேரி கேஹில் ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் காயமடைந்தார். டெரி 37ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். இரண்டு சென்டர் பேக்குகளும் போய்விட்ட நிலையில், இவானோவிச்சும் போசிங்வாவும் நடுவுக்கு வந்தார்கள். நடுக்கள வீரர் ராமிரெஸ் ரைட் பேக் ஆனார். மெஸ்ஸியின் அணிக்கு எதிராகப் பத்துப் பேரோடு, பழக்கமில்லாத ஜோடியோடு, 2-2 என்று முடித்து இறுதிக்குப் போனார்கள். இரண்டு இடத்திலும் ஆடத் தெரிந்தவர் ஓர் அணிக்கு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று வாங்கிய மஞ்சள் அட்டை, தொடர் முழுக்கச் சேர்ந்த கணக்கில் அவருக்குத் தடையானது. அதனால்தான் மே 19 அன்று பயர்ன் மியூனிக்குக்கு எதிரான இறுதியில் இவானோவிச், டெரி, ராமிரெஸ், மெய்ரெலெஸ் நால்வரும் ஆட முடியவில்லை. ரைட் பேக்காக ஆடியவர் போசிங்வா. தங்கள் பெட்டிச் செய்தியில் திருத்த வேண்டியது இதுதான். கோப்பையைத் தூக்கும் படத்தில் அவர் இருப்பதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு அந்தக் குறை தீர்ந்தது. 2013 மே 15, ஆம்ஸ்டர்டாம், யூரோபா லீக் இறுதி, எதிரணி பென்ஃபிகா. டெரி காயத்தால் இல்லை. இவானோவிச் கேஹிலோடு சேர்ந்து நடுவில் ஆடினார். டோரஸ் கோல் அடிக்க, கார்டோசோ பெனால்டியில் சமன் செய்ய, 1-1. 90 நிமிடமும் கடந்து மூன்றாவது நிமிடம். வலது பக்கத்திலிருந்து ஹுவான் மாட்டா கார்னர் கிக்கை நீளமாக, தூரத்துக் கம்பத்தையும் தாண்டி அனுப்பினார். இவானோவிச் கோலை நோக்கி ஓடவில்லை. பந்து விழப் போகும் இடத்தைப் பார்த்துப் பின்வாங்கி எழுந்தார்.

2009இல் ஆன்ஃபீல்டில் தலையால் முட்டிய ஹெட்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பயிற்சியாளர்கள் நிறுத்தி நிறுத்திக் காட்ட வேண்டும். முன்னே ஓடிவந்து முட்டும்போது உடலின் வேகமே பந்துக்குப் போகும். அதனால் கோல் கோட்டை நோக்கிக் கீழே அடிக்கலாம். பின்வாங்கி எழும்போது அந்த வேகம் கிடையாது. அப்போது பலமாக அடிக்க முயன்றால் பந்து கீப்பரின் கைக்குத்தான் போகும். இவானோவிச் கழுத்தைத் திருப்பி, வந்த திசைக்கே பந்தை உயரமாகத் திருப்பி அனுப்பினார். பந்து வரும் பக்கம் நகர்ந்துவிட்ட கீப்பர் திரும்பிப் பாய்வதற்குள் அவருக்கு மேலே வளைந்து போய் எதிர் மூலையில் இறங்கியது. பலத்தை விட்டுக் கோணத்தைத் தேர்ந்தெடுத்த ஹெட்டர் அது. 2-1. பத்து நாள் கழித்துச் சாம்பியன்ஸ் லீக் இறுதி நடக்கும்வரை, இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளும் செல்சியின் கையில் இருந்தன.

தலை மட்டும்தான் அவருடைய ஆயுதம் என்று நினைத்துவிடக் கூடாது. 2014 பிப்ரவரி 3, மான்செஸ்டர் சிட்டியின் மைதானம். அந்தப் பருவத்தில் சொந்த மண்ணில் ஆடிய லீக் ஆட்டங்கள் அனைத்தையும் வென்றிருந்த அணி சிட்டி. 32ஆவது நிமிடத்தில் பெனால்டி பகுதியின் விளிம்பில் தளர்ந்து வந்த பந்தை இவானோவிச் இடது காலால், தரையோடு ஒட்டி, தூர மூலைக்கு அடித்தார். வலது கால் ஆட்டக்காரர் பந்தை மாற்றி வைக்க அரை நொடி எடுத்திருந்தால் வழி அடைபட்டிருக்கும். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. பயிற்சியாளர் மொரின்யோவின் செல்சி அன்று காட்டிய தடுப்பாட்டம் தனிக் கட்டுரைக்கு உரியது.

2014-15 பருவம் அவருடைய உச்சம். லீக்கின் 38 ஆட்டங்களிலும் ஆடினார். ஜனவரி 27 அன்று லீக் கோப்பை அரையிறுதியின் கூடுதல் நேரத்தில் லிவர்பூலுக்கு எதிராக வில்லியனின் ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டி அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். லீக், லீக் கோப்பை இரண்டும் செல்சிக்கு. சக வீரர்களின் சிறந்த அணியில் இரண்டாம் முறை இடம். அந்த அணியின் அமைப்பையும் புரிந்துகொள்ள வேண்டும். இடது பக்கத்தில் அஸ்பிலிக்வேட்டா பெரும்பாலும் பின்னாலேயே நிற்பார். முன்னால் ஹசார்டு கவலையின்றித் தாக்குவார். வலது பக்கத்தில் நேர்மாறு: இவானோவிச் மேலே மேலே ஏறுவார், அவர் விட்டுப்போன இடத்தை விங்கர் (ஓரத்தில் தாக்குபவர்) வில்லியனும் நடுக்களத்து மாட்டிச்சும் ஓடி மூடுவார்கள். தராசின் ஒரு தட்டு ஏறினால் மறு தட்டு இறங்க வேண்டும் என்ற கணக்கு.

அடுத்த ஆகஸ்டிலேயே அந்தக் கணக்கு உடைந்தது. முதல் ஆட்டத்தில் ஸ்வான்சியின் விங்கர் ஜெஃபர்சன் மொண்டேரோ அவரைத் திரும்பத் திரும்பக் கடந்து போனார். இவானோவிச் திடீரென்று ஆட்டத்தை மறந்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள். அது நியாயமற்ற பேச்சு. அவருக்கு அப்போது 31 வயது. கனத்த உடல் கொண்ட தடுப்பாட்டக்காரருக்கு வயதால் முதலில் குறைவது நேர்க்கோட்டு வேகம் அல்ல, இடுப்பைத் திருப்பித் திசை மாறும் வேகம். சென்டர் பேக்குக்கு இரு பக்கமும் ஆள் உண்டு. ஓரத்தில் நிற்பவருக்கு அப்படி இல்லை. விங்கர் வெளிப்பக்கமாகப் பந்தைத் தட்டிவிட்டு ஓடினால், இவர் திரும்பி ஓடத் தொடங்கும்போதே ஒரு மீட்டர் போய்விட்டது.

இப்படிப்பட்ட விங்கரிடம் பாயக் கூடாது. ஒன்றரை மீட்டர் விட்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, துணைக்கு ஆள் இருக்கும் பக்கம் அவரைத் தள்ள வேண்டும். அந்தத் துணை வரவேண்டிய இடத்தில் மாட்டிச்சும் அந்தப் பருவத்தில் தடுமாறினார். மேலே ஏறும் பழக்கம் மட்டும் மாறவில்லை, திரும்பி வரும் வேகம் குறைந்தது, மூடுபவர்களும் பிந்தினார்கள். மூன்றும் சேர்ந்தால் எந்த ரைட் பேக்கும் தோற்பார். டிசம்பரில் மொரின்யோ நீக்கப்பட்டார். நடப்புச் சாம்பியன் பத்தாம் இடத்தில் முடித்தது. பழி முழுவதும் இவானோவிச் தலையில் விழுந்தது.

2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்ற பிறகு செல்சியின் புதிய பயிற்சியாளர் அன்டோனியோ கான்டே மூன்று சென்டர் பேக் முறைக்கு மாறினார். ஓரம் முழுவதையும் ஒருவரே ஓடி ஆள வேண்டிய இடம் விக்டர் மோசஸுக்குப் போனது; அவருக்குப் பின்னால் வலது சென்டர் பேக்காக, ஓரத்துக்கு விரைந்து ஓடக்கூடிய அஸ்பிலிக்வேட்டா. இவானோவிச்சுக்கு இடமில்லை. 2017 ஜனவரி 28 அன்று பிரெண்ட்ஃபோர்டுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிக் கோல் அடித்தார். சில நாட்களில் ரஷ்யாவின் ஸெனித் அணிக்குப் போய்விட்டார். செல்சிக்காக 377 ஆட்டங்கள், 34 கோல்கள். பெனால்டியோ ஃப்ரீ கிக்கோ உதைக்கும் பொறுப்பில்லாத தடுப்பாட்டக்காரருக்கு இந்த எண்ணிக்கை மிகப் பெரிது.

ஸெனித்தில் அணித் தலைவராகி 2018-19, 2019-20 லீக் பட்டங்களையும் 2020இல் ரஷ்யக் கோப்பையையும் வென்றார். கடைசியாக வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனில் ஒரு பருவம், அணி தரமிறங்கியது.

செர்பிய அணியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கணக்கு முடியாது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியை 1-0 என்று வென்ற அணியின் பின்வரிசையில் அவர் இருந்தார். மூத்த வீரர்கள் விடிச்சும் ஸ்டான்கோவிச்சும் விலகிய பிறகு தலைமை அவர் தோளுக்கு வந்தது. 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பயிற்சியாளர் அதே முஸ்லின். லோகோமோட்டிவ் நாளிலிருந்து இவானோவிச்சை அறிந்தவர், அவரை மூன்று சென்டர் பேக்குகளில் வலப்பக்கம் நிறுத்தினார். திரும்பும் வேகம் குறைந்தவருக்கு அருகில் எப்போதும் ஓர் ஆள், ஓரத்தில் ஓட வேறொருவர். அயர்லாந்து, வேல்ஸ், ஆஸ்திரியா இருந்த பிரிவில் செர்பியா முதலிடம் பிடித்தது. அப்படியிருந்தும் முஸ்லின் நீக்கப்பட்டார். புதிய பயிற்சியாளர் கிரஸ்தாயிச் நால்வர் பின்வரிசைக்குத் திரும்பி, இவானோவிச்சை மறுபடி ஓரத்தில் ரைட் பேக்காக நிறுத்தினார். அணித் தலைமையையும் சக வீரர் கோலாரோவிடம் கொடுத்தார். எனக்கு அது தவறான முடிவாகவே படுகிறது. ஆட்டக்காரரின் குறை எங்கே வெளிப்படுமோ அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

உலகக் கோப்பையில் 2018 ஜூன் 17 அன்று கோஸ்டாரிகாவுக்கு எதிராக 104ஆவது முறை இறங்கி, ஸ்டான்கோவிச்சின் 103 ஆட்டச் சாதனையைக் கடந்தார். ஐந்து நாள் கழித்து சுவிட்சர்லாந்திடம் 2-1 தோல்வி. பிரேசிலுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் அவர் இடத்தில் ருகாவினா ஆடினார். 105 ஆட்டங்கள், 13 கோல்களோடு செர்பியக் கணக்கு முடிந்தது. மொத்த ஆட்டங்களில் பின்னாளில் முன்கள வீரர் தாடிச் அவரை முந்தினார். செர்பியத் தடுப்பாட்டக்காரர்களில் இன்றும் அவரே முதலிடம். இந்த எண்களையும் மியூனிக் திருத்தத்தையும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்பந்துப் பயிற்சியாளர்,
வியாசர்பாடி, சென்னை.